பட்டறைப் பதில்கள்: மழையே இல்லாமல் நனையும் கார்

கேள்வி: அப்பா வாங்கிய 1999 மாடல் மாருதி 800 ஏசி கார். முன்பக்கத் தரைத்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்ததால் டிங்கரிங் பட்டறையில் விட்டிருக்கிறேன். சீட்டையும் கார்பெட்டையும் கழற்றினால், இடதுபக்கம் கால் வைக்கும் இடத்தில் ஒரே ஈரம். டிங்கர், "மழைத் தண்ணீர்தான் சார், பேட்ச் வைத்து பெயின்ட் அடித்துவிடலாம்" என்கிறார். கார் நிற்பது ஷெட்டுக்குள், இங்கே மழையும் இல்லை. துடைத்தாலும் மறுபடி ஊறுகிறது. சில நாள் இருக்கிறது, சில நாள் இல்லை. செம்பழுப்பு நிறம், விரலில் பிசுபிசுப்பு. அப்பா ரேடியேட்டருக்கு அடிக்கடி தண்ணீர் ஊற்றுவார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?
— கரூர் வாசகர்

பதில்: உண்டு என்றுதான் நினைக்கிறேன். கடைசியில் போகிறபோக்கில் எழுதிய அந்த ஒரு வரிதான் உங்கள் கடிதத்திலேயே முக்கியமானது.

நிறத்தை நம்பாதீர்கள். துருப்பிடித்த தகட்டில் எது விழுந்தாலும் செம்பழுப்பாகத்தான் தெரியும். ஒரு வெள்ளைத் தாளில் அந்த ஈரத்தை ஒற்றி நிழலில் வையுங்கள். தண்ணீராக இருந்தால் காய்ந்து தாள் சுருங்கிவிடும். ஆயிலாக இருந்தால் தாளுக்குப் பின்னால் வெளிச்சம் தெரிகிற மாதிரி கறை நிற்கும். கூலன்ட், அதாவது என்ஜினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம், லேசில் காயாது, மறுநாளும் தொட்டால் ஈரமாகவே இருக்கும். மோந்து பார்த்தால் ஒரு தித்திப்பான வாடை வரும். மோந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், நாக்கில் வைக்க வேண்டாம். கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம். பட்டறை நாய் அந்தத் தித்திப்புக்கு நக்கிவிடும், தரையில் தேங்கவும் விடாதீர்கள்.

இன்னொன்று. அதிகாலையில் முன்கண்ணாடியின் உள்பக்கம் மங்கலாகி, துணியால் துடைத்தால் பிசுக்காக இழுபடுமா என்று அப்பாவைக் கேளுங்கள். ஆமாம் என்றால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஹீட்டர் கோர்தான் ஆள். என்ஜினின் சுடுதண்ணீர் ஓடும், உள்ளங்கையில் அடங்காத ஒரு குட்டி ரேடியேட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "கரூரில் யார் சார் ஹீட்டர் போடுகிறார்கள்?" என்று கேட்பீர்கள். ஹீட்டர் லிவர் மூடியே இருந்தாலும், கோரிலிருந்து என்ஜினுக்குத் திரும்பும் ஹோஸ் வழியாக என்ஜின் தண்ணீரின் அழுத்தம் கோர் வரை வந்துகொண்டேதான் இருக்கும். ரேடியேட்டர் மூடியில் 0.9 அல்லது 1.1 என்று அச்சிட்டிருப்பார்களே, அந்த அழுத்தம்தான். அதில் வருஷக்கணக்கில் போர் தண்ணீர் ஊற்றியிருந்தால் உப்பு படிந்து, கோர் உள்ளிருந்தே அரித்துப்போகும்.

சில நாள் மட்டும் ஊறுவதற்குக் காரணமும் இதுதான். டிங்கர் காரை ஸ்டார்ட் செய்து வெளியே எடுத்து உள்ளே விடுகிற நாளில் பாருங்கள், அன்றைக்கு ஈரம் இருக்கும். மழைத் தண்ணீருக்கு என்ஜின் ஓடுகிறதா இல்லையா என்று தெரியாது.

சந்தேகத்தை உறுதி செய்துகொள்ளப் பெரிய கருவி வேண்டாம். என்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகட்டை மேலிருந்து கீழ்வரை நன்றாகத் துடைத்துவிட்டு, முகப்பவுடரைத் தூவுங்கள். ஹீட்டருக்கு அடியில் தரையில் செய்தித்தாளை விரியுங்கள். ரேடியேட்டர் ஃபேன் ஓடும்வரை என்ஜினை ஓட்டி நிறுத்துங்கள். நிறுத்திய பிறகுதான் சூடு இன்னும் கொஞ்சம் ஏறும், கசிவும் அப்போதுதான் வரும். அரைமணி நேரம் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள். பவுடரில் ஒரு கோடு கிழித்திருக்கும். அந்தக் கோட்டைக் கீழிருந்து மேலே தொடர்ந்து போனால், உச்சியில் நனைந்திருக்கும் இடம்தான் ஊற்று. தேங்கியிருக்கும் இடத்தைப் பார்த்து முடிவு கட்டினால் ஏமாறுவோம். பட்டறையில் காரின் பின்பக்கத்தை ஜாக்கி போட்டுத் தூக்கியிருந்தால், பின்னால் இருக்கும் ஈரம்கூட முன்னால் ஓடிவந்து நிற்கும்.

கோடு ஹோஸ் முனையில் முடிந்தால் கிளாம்ப் மாற்றினாலே போதும். ஹீட்டர் பெட்டிக்குள் போனால் கோரைக் கழற்ற வேண்டும். டேஷ்போர்டு வேலை கொஞ்சம் பெரிது. ஆனால் சீட், கார்பெட் எல்லாம் வெளியே கிடக்கும்போது செய்யாமல் வேறு எப்போது செய்வீர்கள்? காசு இடித்தால், கோருக்குப் போய்வரும் இரண்டு ஹோஸையும் ஒரு குழாயால் இணைத்துக் கோரை ஒதுக்கிவிடலாம். கரூருக்குத் தாராளமாகப் போதும். ஊட்டிக்காரர் கேட்டிருந்தால் இந்த யோசனையைச் சொல்லமாட்டேன், அங்கே கண்ணாடி மங்கலைப் போக்க ஹீட்டர் வேண்டும். யாராவது ரேடியேட்டரில் மஞ்சள் தூள் போடச் சொன்னால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். நடுவழியில் நின்றவன் ஊர் போய்ச் சேரப் போடுகிற வித்தை அது. மெல்லிய குழாய்களை அடைத்துவிடும்.

பெயின்டுக்கு அவசரப்பட வேண்டாம். இரண்டு தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று படியும் மடிப்பில் கூலன்ட் ஒளிந்துகொள்ளும். அதன்மேல் பெயின்டுக்கு முன் அடிக்கும் பிரைமர் பிடிக்காது, தோலாக உரிந்து வரும். நல்லவேளை, கூலன்ட் தண்ணீரில் கரையும். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு, தாளில் பிசுக்கு ஒட்டாத வரை கழுவி, வெயிலில் நிறுத்திக் காயவைத்த பிறகு பேட்ச் வையுங்கள். கசிவு நின்றதும் கூலன்டையும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையும் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள். டிங்கரைக் குறை சொல்லாதீர்கள், அவர் தகடு பார்க்கிறவர். ரேடியேட்டர் கடைக்காரரை ஒருமுறை கூப்பிட்டுக் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பழைய மாருதி ஜென் காருக்கு பானெட் உள்பக்கம்கூட விடாமல் புதுப் பெயின்ட் அடித்தேன். பிரேக் ஆயில் டப்பாவுக்குக் கீழே மட்டும் பெயின்ட் பொங்கி வழிகிறது. பெயின்ட் தரமா?
— தூத்துக்குடி வாசகர்

பதில்: பெயின்ட் மேல் பழி போடாதீர்கள். டப்பா மூடியிலோ, பெடலை மிதித்தால் பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலோ பிரேக் ஆயில் கசிகிறது. டாட் 3, டாட் 4 என்று விற்கும் பிரேக் ஆயில் இரண்டுமே பெயின்டைத் தின்னும். முதலில் அந்த இடத்தில் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள், துணியால் தேய்த்தால் பரவும். அப்புறம் டிரைவர் பக்கம் பெடலுக்கு மேலே கையை விட்டுத் தடவிப் பாருங்கள். அங்கேயும் நனைந்திருந்தால் சிலிண்டர் சீல் போய்விட்டது. டப்பாவில் அளவு இறங்கிக்கொண்டே வந்தால் அந்தக் காரை ஓட்டாதீர்கள். பெயின்ட் எப்போது வேண்டுமானாலும் அடித்துக்கொள்ளலாம்.

கேள்வி: அம்பாசிடர் கதவுகளுக்கு அடியில் பட்டி பார்த்து முடித்த பிறகு, கதவைத் திறந்து மூடினால் உள்ளே தண்ணீர் தளும்பும் சத்தம் கேட்கிறது!
— நாகர்கோவில் வாசகர்

பதில்: ஜன்னல் கண்ணாடி ஓரமாக மழைத் தண்ணீர் கதவுக்குள் இறங்குவது எல்லாக் காருக்கும் உள்ளதுதான். அது வெளியே போகக் கதவின் அடி விளிம்பில் சின்னத் துளைகள் இருக்கும். பட்டி பார்த்தவர் அவற்றையும் சேர்த்து மூடிவிட்டார். மெல்லிய கம்பியால் குத்தித் திறந்துவிடுங்கள். காலைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டு குத்துங்கள்.