புது போஸ்டிங், முதல் மாதம்: எதை முதலில் முடிப்பது, எதைத் தள்ளிப்போடுவது?

கேள்வி: என் கணவர் ராணுவத்தில் இருக்கிறார். போன வாரம்தான் புது ஸ்டேஷனுக்கு வந்து குவார்ட்டர்ஸில் குடியேறினோம். வீடு முழுக்கப் பிரிக்காத பெட்டிகள். அவர் விடியும் முன் யூனிட்டுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். இன்னும் இரண்டு வாரத்தில் பயிற்சிக்காக வெளியே போகிறார். திரும்பிவர மூன்று வாரம் ஆகும், தினமும் பேச முடியாது என்கிறார். 14 வயது மகள் கதவைச் சாத்திக்கொண்டு பழைய தோழிகளோடு போனிலேயே இருக்கிறாள். 8 வயது மகன் என்றைக்கோ நிறுத்தியிருந்தவன், இப்போது மறுபடி படுக்கையை நனைக்கிறான். நானும் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். பெட்டிகளைப் பார்த்தாலே அழுகை வருகிறது. எதில் தொடங்குவது? அவர் கிளம்பியதும் குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடலாமா?

பதில்:

சகோதரி, முதலில் அந்த அழுகையைப் பற்றி. 1967-ல் ஹோம்ஸ், ராஹே என்ற இரு மனநல மருத்துவர்கள் வாழ்க்கையில் வரும் மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். அதில் வீடு மாறுவதற்கு 20, வாழும் சூழல் மாறுவதற்கு 25, கணவனோ மனைவியோ வேலையில் சேர்வதற்கோ விடுவதற்கோ 26. மூன்றையும் நீங்கள் ஒரே வாரத்தில் சுமந்திருக்கிறீர்கள், கூட்டினால் 71. நெருங்கிய உறவினர் ஒருவரின் மரணத்துக்கே அந்தப் பட்டியலில் 63தான். பழைய பட்டியல், இந்தக் கூட்டல் கணக்கை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனாலும் உங்களுக்கு வருவது பலவீனத்தால் வரும் அழுகை இல்லை என்பதற்கு இது போதும்.

இனி வேலைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எல்லாவற்றையும்விட முக்கியமான தகவல், அவர் இரண்டு வாரத்தில் கிளம்புகிறார் என்பது. ஆகவே பெட்டிகளை வைத்துத் திட்டம் போடாதீர்கள், அந்தத் தேதியை வைத்துப் போடுங்கள். செய்ய வேண்டியவற்றை எழுதி இரண்டாகப் பிரியுங்கள்: அவர் கையெழுத்தோ, அடையாள அட்டையோ, நேரில் அவர் வருவதோ தேவைப்படுபவை ஒரு பக்கம், நீங்கள் தனியாகவே முடிக்கக் கூடியவை இன்னொரு பக்கம். இந்த இரண்டு வாரமும் முதல் பக்கத்துக்கு மட்டும்தான். குடும்பத்தினருக்கான அடையாள அட்டையும் நுழைவுச் சீட்டும், ராணுவ மருத்துவமனையில் உங்கள் மூவரின் பதிவு, பள்ளிச் சேர்க்கையில் தந்தை கையெழுத்து போட வேண்டிய படிவங்கள், வங்கிக் கணக்கிலும் சம்பள ஆவணங்களிலும் முகவரி மாற்றம், அவர் இல்லாதபோது அவர் சார்பில் நீங்கள் கையெழுத்திடுவதற்கான அதிகாரக் கடிதம். இதில் ஒன்று விட்டுப்போனாலும் அந்த மூன்று வாரத்தில் ஏதாவது ஒரு கவுன்டரில் 'அவரை வரச் சொல்லுங்கள்' என்ற பதிலோடு நிற்க வேண்டிவரும். புது ஆள் என்பதால் யூனிட்டில் அனுமதி கேட்க அவர் தயங்கலாம். ஒரே ஒரு அரை நாள் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். குடும்பத்தைக் குடியமர்த்த நேரம் கேட்பது எந்தப் படையிலும் புதிய விஷயம் இல்லை.

வீட்டைப் பொறுத்தவரை இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்று உண்டு. குவார்ட்டர்ஸை ஒப்படைக்கும்போது என்னென்ன சேதம் என்று பார்த்து உங்களிடம் பணம் பிடிப்பார்கள். முன்பு இருந்தவர் விட்டுப்போன விரிசலுக்கு நீங்கள் ஏன் கட்ட வேண்டும்? போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு அறையாகப் போங்கள். கதவுக்குப் பின்னால் தாழ்ப்பாள் இடித்துப் பெயர்ந்த சுவர், குளியலறையில் உடைந்த ஓடு, சமையலறை சிங்குக்கு அடியில் நீர்க்கசிவின் கறை, ஓட்டையான கொசுவலை, சாவி இல்லாத அலமாரி, மின்மீட்டரில் இன்றைக்கு நிற்கும் எண். எல்லாவற்றையும் படம் எடுத்து, பட்டியல் எழுதி, குடியிருப்பு அலுவலகத்தில் ஒரு பிரதி கொடுத்து, உங்கள் பிரதியில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். அரை மணி நேர வேலை. அதன் பலன் அடுத்த மாற்றலின்போது தெரியும்.

சாமான்கள் விஷயத்திலும் இதே கவனம் வேண்டும். உடைந்ததற்கும் காணாமல் போனதற்கும் இழப்பீடு கேட்கக் கெடு இருக்கும். அது எத்தனை நாள் என்று லாரி நிறுவனத்திடமோ காப்பீட்டு நிறுவனத்திடமோ எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கெடு குறைவாக இருந்தால் கண்ணாடி, மின்சாதனம், விலை உயர்ந்த பொருள் உள்ள பெட்டிகளை மட்டும் முதலில் திறந்து பார்த்துவிடுங்கள். உடைந்ததைத் தூக்கிப் போடாதீர்கள். பெட்டியோடு சேர்த்துப் படம் எடுத்து வைத்திருங்கள்.

மற்றப் பெட்டிகளுக்கு அவசரமே இல்லை. ஒரு வரிசை மட்டும் சொல்கிறேன்: முதலில் குழந்தைகளின் படுக்கை, பிறகு தினசரிச் சமையலுக்கு வேண்டியவை, பிறகு பள்ளிப் பை, சீருடை, புத்தகம். தொடர்ந்து சாப்பிடும் மருந்துகளும், அசல் சான்றிதழ்களும் எந்தப் பெட்டியில் இருந்தாலும் இன்றே கைக்கு வந்துவிட வேண்டும். சுவரில் படம் மாட்டுவது, ஷோகேஸ் அடுக்குவது, திரைச்சீலை தைப்பது எல்லாம் இரண்டாவது மாதத்துக்கு. அடுக்கி முடித்த வீட்டில் ஒருவரையும் தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட, பாதி பெட்டிகளோடு பக்கத்து வீட்டில் இரண்டு பேரைத் தெரிந்துவைத்திருப்பது உங்களுக்கு ஆயிரம் மடங்கு பாதுகாப்பு. இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து படிக்கத் திரும்பிய முன்னாள் படைவீரர்களின் குடும்பங்கள், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தின் குடியிருப்பில் தங்கியிருந்தார்கள். உங்களைப் போலவே எல்லோரும் புதிதாக வந்தவர்கள். யாருக்கு யார் நண்பராகிறார்கள் என்று லியோன் ஃபெஸ்டிங்கரும் அவருடைய சகாக்களும் அங்கே ஆராய்ந்து, 1950-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர்களே அதிகம் நண்பர்களானார்கள். நாலைந்து வீடு தள்ளிப்போனாலே நட்பு குறைந்தது. மாடிப்படிக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்கள். பொது முற்றத்தைப் பார்க்காமல் தெருவைப் பார்த்து வாசல் வைத்த வீடுகளுக்கு நட்பு குறைவாக இருந்தது. குணம், ரசனை எல்லாவற்றுக்கும் முன்னால், எத்தனை முறை முகம் பார்க்கிறோம் என்பது வேலை செய்திருக்கிறது. ஆகவே தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கண்ணில் படுங்கள். பள்ளி வண்டி நிற்கும் இடத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் போய் நில்லுங்கள். மாலையில் பூங்காவில் அதே பெஞ்சு. நீங்களாகவே பெயர் சொல்லி அறிமுகம் செய்துகொள்ளுங்கள். குடியிருப்பில் பாதிப் பேர் யாராவது முதலில் பேசமாட்டார்களா என்றுதான் காத்திருப்பார்கள்.

நட்பு வளர்வதற்கு முன்பே தேவைப்படுவது உதவி. யூனிட்டில் குடும்ப நலனைக் கவனிப்பவர் ஒருவர் இருப்பார். அவருடைய எண்ணை வாங்கி வைத்தால் மட்டும் போதாது. உங்கள் கணவர் ஊரில் இருக்கும்போதே, அவரையே அறிமுகம் செய்யச் சொல்லி ஒருமுறை பேசிவிடுங்கள். ராத்திரி இரண்டு மணிக்கு மகனுக்குக் காய்ச்சல் அடிக்கும்போது முன்பின் பேசாத ஒருவரைக் கூப்பிட எவருக்கும் கை வராது. அவசரத்துக்கு மருத்துவமனைக்கு எந்தக் கேட் வழியாகப் போக வேண்டும், இரவில் எந்தக் கேட் மூடியிருக்கும் என்பதையும் ஒருநாள் இரவு கணவரோடு போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மகன் விஷயம். ஆறு மாதத்துக்கு மேல் படுக்கையை நனைக்காமல் இருந்த குழந்தை வீடு மாறிய பிறகு மறுபடி நனைப்பது அடிக்கடி நடப்பதுதான். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. திட்டவும் வேண்டாம், நனைக்காத நாளுக்குப் பரிசும் வேண்டாம். விரிப்புக்கு அடியில் நீர்புகாத துணி ஒன்று, மாற்று உடை கைக்கெட்டும் இடத்தில், நனைந்தால் பேச்சில்லாமல் மாற்றிவிட்டுத் தூங்கவைப்பது, அவ்வளவுதான். பகலில் தண்ணீர் குடிப்பதைக் குறைக்காதீர்கள். மலச்சிக்கல் இருக்கிறதா என்று கேளுங்கள், அதுவும் ஒரு காரணமாகும். இன்னொன்றையும் செய்து பாருங்கள். இன்றிரவு எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, அவன் கட்டிலிலிருந்து கழிப்பறை வரை அவனோடு நடந்து பாருங்கள். பழைய வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு போன வழி, இங்கே இருட்டு. சுவிட்ச் வேறு பக்கம், ஒருவேளை எட்டாத உயரம். நடுவில் அடுக்கி வைத்த பெட்டிகளின் நிழல். விழிப்பு வந்தும் பயத்தில் எழுந்திருக்காமல் கிடக்கும் பிள்ளைகள் உண்டு. வழியில் சின்ன விளக்கு ஒன்று போடுங்கள், அந்தப் பெட்டிகளை நகர்த்துங்கள். ஆனால் அவனுக்குத் தாகம் அதிகமாகி, பகலிலும் அடிக்கடி சிறுநீர் போய், உடல் மெலிந்தாலோ, எரிச்சலோ காய்ச்சலோ இருந்தாலோ, மாற்றலின் விளைவு என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை நோயும் சிறுநீர்த் தொற்றும் இப்படித் தொடங்குவது உண்டு.

மகளுடைய போனைப் பிடுங்காதீர்கள். கான்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால் 2018-ல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமான ஒருவர் சாதாரண நண்பராவதற்கு ஏறக்குறைய 50 மணி நேரம் சேர்ந்து கழிக்க வேண்டும், நண்பர் என்ற நிலைக்கு வர 90, நெருங்கிய நண்பராவதற்கு 200-க்கும் மேல் என்று கணக்கிட்டார். இருநூறு மணி நேரத் தோழிகளை விட்டுவிட்டு வந்த பெண் இப்போது பூஜ்யத்தில் நிற்கிறாள். அந்தப் பழைய தோழிகள்தான் இன்றைக்கு அவளைத் தாங்குகிறார்கள். தூக்கத்தைக் கெடுக்காதபடி, இரவில் போனை வைத்துவிட வேண்டிய நேரத்தை மட்டும் அவளோடு பேசி முடிவு செய்யுங்கள். புதுத் தோழிகளோடு அந்த மணி நேரங்களைச் சேர்க்கும் வழி, வாராவாரம் அதே முகங்கள் கூடும் ஏதாவது ஒன்றில் அவளைச் சேர்ப்பது: விளையாட்டு அணியோ, இசைக் குழுவோ, அவள் விரும்புவது எதுவானாலும். 'சீக்கிரமே புதுத் தோழிகள் கிடைப்பார்கள்' என்று மட்டும் சொல்லாதீர்கள்; அவளுக்கு அது அவள் இழப்பை மறுப்பதாகத்தான் கேட்கும். பள்ளி எப்படி இருந்தது என்று கேட்டால் 'இருந்தது' என்பாள். மதிய இடைவேளையில் எங்கே உட்கார்ந்தாள் என்று கேளுங்கள். தனியாகத்தான் என்றால் வகுப்பு ஆசிரியரைப் பார்த்து, பக்கத்தில் துணையாக ஒரு மாணவியைப் போடச் சொல்லலாம். பாடத்திலும் ஓட்டை விழும்: பழைய பள்ளியில் அடுத்த மாதம் நடத்த இருந்த பாடத்தைப் புதுப் பள்ளியில் ஏற்கெனவே முடித்திருப்பார்கள். கணக்கு, அறிவியல் நோட்டுகளை எடுத்துக்கொண்டு ஆசிரியரிடம் ஒருமுறை உட்கார்ந்தால், விட்டுப்போனது எது என்று தெரிந்துவிடும். இரண்டு வாரத்துக்கு மேல் சரியாகச் சாப்பிடாமல், தூங்காமல், பிடித்த எதிலும் ஈடுபாடு இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழவே பிடிக்கவில்லை என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே.

உங்கள் வேலையைப் பற்றி ஒரு வரிதான் எழுதியிருந்தீர்கள். அதைக் கடைசியில் தள்ளிவிடாதீர்கள். விண்ணப்பம் போடுவது அடுத்த மாதம் ஆகலாம். ஆனால் உங்கள் தொழிலுக்கு உரிமமோ பதிவோ மாற்ற வேண்டியிருந்தால் அந்தக் காகிதத்தை இப்போதே நகர்த்துங்கள். நாள் பிடிப்பது அதுதான்.

கணவர் கிளம்பும் முன் குழந்தைகளோடு அவரே உட்கார்ந்து பேச வேண்டும். எத்தனை நாள், எப்போது பேச முடியாது என்பதைச் சொல்லட்டும். காலண்டரில் அவரே குறிக்கட்டும். அவருக்கே தெரியாததை உறுதி சொல்ல வேண்டாம். மகனிடம் 'அப்பா இல்லாதபோது நீதான் வீட்டைப் பார்த்துக்கணும்' என்ற வாசகம் வேண்டவே வேண்டாம். விளையாட்டாகச் சொன்னாலும் 8 வயதுப் பிள்ளை அதை நிஜமாக எடுத்துக்கொண்டு ராத்திரி தூங்காது. அவர் வெளியே போயிருக்கிறார் என்பதையோ யூனிட், வீட்டு எண், திரும்பும் தேதி இவற்றையோ சமூக வலைதளத்தில் யாரும் போடக்கூடாது என்பதை மகளிடமும் காரணத்தோடு சொல்லிவையுங்கள்.

கடைசியாக, அம்மா வீட்டுக்குப் போகலாமா? இந்த முறை வேண்டாம் என்பதே என் கருத்து. மகள் பள்ளியில் மூன்றாவது வாரத்தில்தான் ஒன்றிரண்டு பேரோடு பேசத் தொடங்கியிருப்பாள். அப்போது மூன்று வாரம் காணாமல் போனால் மறுபடி புது மாணவியாகத்தான் திரும்புவாள். மகனுக்கும் இன்னொரு படுக்கை, இன்னொரு இருட்டு. நீங்கள் பெஞ்சில் சேர்த்துவைத்த அறிமுகங்களும் அறுந்துவிடும். அதற்குப் பதிலாக அம்மாவை இங்கே வரச் சொல்லுங்கள். கணவர் கிளம்புகிற நாளில் வர வேண்டாம், நாலு நாள் முன்னாலேயே வரட்டும். அப்பா போவதும் பாட்டி வருவதும் ஒரே நாளில் நடந்தால் பிள்ளைகள் தடுமாறுவார்கள். நுழைவு அனுமதிக்கு அம்மாவுடைய அடையாள அட்டையின் நகல் தேவைப்படலாம், அதை இன்றைக்கே அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் படிவத்திலும் உங்கள் கணவர் கையெழுத்து கேட்பார்கள்.