மூச்சடக்கி இறங்குபவருக்கு எந்த வாட்ச்?

ஃப்ரீடைவிங் (சிலிண்டர் இல்லாமல் ஒரே மூச்சில் நீருக்குள் இறங்குவது) பற்றி இந்த முறை வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் கடிகாரம் பற்றியவை. ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சார், என் வாட்சின் பின்மூடியில் 50 மீட்டர் என்று போட்டிருக்கிறது. நான் 15 மீட்டருக்குக் கீழே போவதே இல்லை. இது போதாதா?

கணக்குப்படி போதும். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

கடலில் 10 மீட்டர் இறங்கினால் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தம் கூடும். 15 மீட்டரில் ஒன்றரை பார். உங்கள் வாட்ச் 5 பார் தாங்கும் என்கிறது. பிறகு என்ன பயம்? கையை வீசும்போது அழுத்தம் பல மடங்கு எகிறிவிடும் என்று பலர் காரணம் சொல்வார்கள். அது கட்டுக்கதை. விநாடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கையை வீசினாலும், அதனால் கூடுவது ஒன்றரை மீட்டர் ஆழத்தின் அழுத்தம்கூட இல்லை.

உண்மையான சிக்கல், தண்ணீர் புகாமல் வாட்சை அடைக்கும் ரப்பர் வளையத்தில் இருக்கிறது. அந்த 50 மீட்டர், வாட்ச் புதிதாக இருந்த நாளின் கணக்கு. சாதாரண வாட்ச்களுக்கான ஐஎஸ்ஓ 22810 என்ற சர்வதேசத் தரப்படி, மாதிரிக்குச் சிலவற்றை எடுத்துச் சோதித்தால் போதும். இரண்டு வருடம் வியர்வை, சோப்பு, வெயில் எல்லாம் பட்டபின் அந்த வளையம் எப்படி இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கிரவுனும் (மணியைத் திருத்தும் பக்கவாட்டுக் குமிழ்) இழுத்தால் வந்துவிடும் வகையாக இருக்கும். கையுறை கழற்றும்போது அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் கதை முடிந்தது. டைவ் வாட்சுக்கான ஐஎஸ்ஓ 6425 வேறு ரகம். குறைந்தது 100 மீட்டர் தாங்க வேண்டும். பொறித்திருக்கும் ஆழத்தைவிட 25 சதவீதம் கூடுதல் அழுத்தத்தில் ஒவ்வொரு வாட்சையும் சோதிக்க வேண்டும். திருகி மூடும் கிரவுனோடு, 200 மீட்டர் என்று போட்ட ஒன்றை வாங்குங்கள்.

அப்படியானால் 1000 மீட்டர், ஹீலியம் வால்வு உள்ளது இன்னும் நல்லதா?

இல்லை. ஆஸ்திரிய ஃப்ரீடைவர் ஹெர்பர்ட் நிட்ச் 2007-ல் ‘நோ லிமிட்ஸ்’ முறையில் (எடையைப் பிடித்து இறங்கி, காற்றடைத்த மிதப்பால் ஏறுவது) ஒரே மூச்சில் இறங்கியது 214 மீட்டர். நாமெல்லாம் எங்கே இருக்கிறோம்! ஹீலியம் வால்வு, ஹீலியம் கலந்த காற்றை நிரப்பிய அழுத்த அறைக்குள் நாள்கணக்கில் தங்கி வேலை பார்ப்பவர்களுக்கானது. உங்களுக்கு அது இன்னொரு ஓட்டை, இன்னொரு ரப்பர் வளையம், அவ்வளவுதான். தடித்த வாட்ச், குளிர் தாங்கப் போடும் ரப்பர் உடையான வெட்சூட்டின் கையில் மாட்டி இழுக்கும் தொல்லை வேறு.

முள் வாட்சா, டைவ் கம்ப்யூட்டரா? இரண்டுக்கும் பணம் செலவழிக்க முடியாது.

கம்ப்யூட்டர். ஆழத்தையும் நேரத்தையும் தானே அளந்து காட்டும் மணிக்கட்டுக் கருவி அது. எனக்கு முள் வாட்ச் மேல்தான் ஆசை அதிகம், ஆனாலும் இதுதான் பதில்.

ஃப்ரீடைவிங்கில் கடிகாரத்துக்கு வேலை இருப்பது தண்ணீருக்கு மேலே. கீழே இருக்கும் ஒன்றரை, இரண்டு நிமிடத்தில் நீங்கள் வாட்சைப் பார்க்கவே கூடாது. பார்க்கக் கழுத்தை வளைத்தால் உடல் நேர்கோட்டை விட்டு விலகும், காதுக்குள் அழுத்தத்தைச் சமப்படுத்துவதும் கெடும். ஆனால் மேலே வந்தபின் எவ்வளவு நேரம் ஓய்வெடுத்தீர்கள் என்பதுதான் அடுத்த இறக்கம் எப்படி இருக்கும் என்று முடிவு செய்கிறது. கீழே இருந்த நேரத்தைப்போல் இரண்டு மடங்காவது மேலே இருக்க வேண்டும். ஆழம் கூடக்கூட இன்னொரு கணக்கும் வைத்துக்கொள்வோம்: மீட்டரை ஐந்தால் வகுத்தால் வருவது நிமிடம். 25 மீட்டருக்கு 1 நிமிடம் 20 விநாடியில் போய்வந்தால், முதல் கணக்கு 2 நிமிடம் 40 விநாடி என்கிறது. இரண்டாவது 5 நிமிடம் என்கிறது. எது பெரிதோ அது.

இங்கேதான் முள் வாட்சின் பெசல் (டயலைச் சுற்றி, கழிந்த நேரம் பார்க்கச் சுழற்றும் வளையம்) நம் காலை வாரும். அது ஒரு பக்கம் மட்டும், இடப்புறமாகத்தான் சுழலும். ஏன்? எதிலாவது இடித்து நகர்ந்தால் கழிந்த நேரம் கூடுதலாகத்தான் தெரிய வேண்டும். முதுகில் காற்றுச் சிலிண்டரோடு இறங்கும் ஸ்கூபா ஆள் ‘நேரமாகிவிட்டது’ என்று சீக்கிரம் மேலே வந்துவிடுவார். காற்று மிச்சம், ஆபத்தில்லை. நாம் அளப்பதோ ஓய்வை. மிதவையில் மணிக்கட்டு உரசி பெசல் இரண்டு கோடு நகர்ந்தால், மூன்று நிமிடம் ஓய்வெடுத்தவருக்கு ஐந்து நிமிடம் என்று காட்டும். ஸ்கூபாவுக்குப் பாதுகாப்பாக இருக்கும் அதே ஏற்பாடு நமக்குத் தலைகீழாகிவிடுகிறது. போதாததற்குக் கோடுகள் நிமிடத்துக்கு ஒன்று. நமக்கு விநாடி வேண்டும்.

கம்ப்யூட்டர் ஒன்று, ஒன்றரை மீட்டர் இறங்கியதும் தானாக எண்ணத் தொடங்கும். மேலே வந்ததும் ஓய்வு நேரம் தானாக ஓடும். குறித்த ஆழத்தில் ஒலியோ அதிர்வோ கொடுக்கும். எப்போது உதைப்பதை நிறுத்திவிட்டு விழ விடுவது, எப்போது திரும்புவது என்று கண்ணைத் திறக்காமலே தெரியும். தலையையும் காதையும் மூடும் தடித்த ஹூட் போடுபவர் அதிர்வு வசதி இருப்பதாகப் பாருங்கள், ஒலி சில சமயம் காதில் விழாது.

முள் வாட்ச் ஏற்கெனவே கையில் இருந்தால் வீணில்லை. விநாடி முள் தெளிவாகத் தெரிந்தால், மிதவையில் துணையாளுக்கு நேரம் பார்க்க அதைவிட நல்ல பொருள் கிடையாது.

என்னிடம் ஸ்கூபா கம்ப்யூட்டர் இருக்கிறது. அதையே ஓட்டலாமா?

அதில் ‘ஃப்ரீடைவ்’ அல்லது ‘அப்னியா’ என்று தனி மோட் இருந்தால் ஓட்டலாம். இல்லாவிட்டால் வேண்டாம். ஸ்கூபா மோடில் பல கருவிகள் 10, 20 விநாடிக்கு ஒருமுறைதான் ஆழத்தைப் பதிவு செய்யும். நீங்கள் விநாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் போகிறீர்கள். நீங்கள் தொட்ட அடி அந்தப் பதிவில் விட்டுப்போகலாம். அப்புறம், ஸ்கூபா டைவ் முடித்த கையோடு ஃப்ரீடைவ் மோடுக்கு மாற்றப் பார்த்தால் பல கருவிகள் மறுத்துவிடும். அது கோளாறு இல்லை. உடம்பில் நைட்ரஜன் மிச்சம் இருக்கும்போது மூச்சடக்கி ஏறி இறங்குவது ஆபத்து. கருவி மறுத்தால் அதன் பேச்சைக் கேளுங்கள்.

மேலே இறுக்கமாகக் கட்டுகிறேன். 20 மீட்டரில் வாட்ச் முழங்கை வரை ஓடிவிடுகிறது. ஸ்ட்ராப் சரியில்லையா?

வெட்சூட்தான் காரணம். அதன் ரப்பருக்குள் இருக்கும் குட்டிக் குட்டிக் காற்றுக்குமிழ்களை ஆழம் நசுக்குகிறது. 20 மீட்டரில் மொத்த அழுத்தம் மேலே இருப்பதைப்போல் மூன்று மடங்கு. சூட் மெலிந்துவிடும், ஸ்ட்ராப் அப்படியே இருக்கும். உலோகச் சங்கிலி இதற்கு ஒத்தே வராது. மேலே சரியாக இருந்தால் கீழே வளையல்போல் ஆடும். கீழே சரியாக இருக்கும்படி கட்டினால் மேலே கை மரத்துப்போகும்.

இழுபடும் ரப்பர் ஸ்ட்ராப் போடுங்கள். பக்கிளுக்குப் பக்கத்தில் ஆர்மோனியத் துருத்தி மாதிரி மடிப்புகள் உள்ள ரப்பர் ஸ்ட்ராப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். சீகோ 1975-ல் தன் 600 மீட்டர் டைவ் வாட்சில் இந்தத் தொல்லைக்காகவே கொண்டுவந்த வடிவம் அது. மேலே மடிப்பு விரியும்படி இழுத்துக் கட்டினால், கீழே போகப்போக அது தானே சுருங்கிப் பிடித்துக்கொள்ளும். நைலான் பட்டையில் இந்த நெகிழ்வு கிடையாது, ஆனால் அதற்கு வேறு நன்மை உண்டு: ஒரு பக்கத்து ஸ்பிரிங் பார் (ஸ்ட்ராப்பை வாட்சோடு பிணைக்கும் சிறு கம்பி) உடைந்தாலும் வாட்ச் மறுபக்கத்தில் தொங்கும், கடலுக்குப் போகாது.

எந்தக் கையில் கட்ட வேண்டும்?

வழிகாட்டும் கயிற்றோடு நம்மை இணைக்கும் லேன்யார்டை மணிக்கட்டில் மாட்டுபவர் என்றால், அது இல்லாத கையில். ஒரே கையில் இரண்டும் இருந்தால் அவசரத்தில் லேன்யார்டைக் கழற்றும்போது விரல் எதைப் பிடிக்கிறது என்று தெரியாது. காதைச் சமப்படுத்த மூக்கைப் பிடிக்கும் கையில் கட்டினால் திரை கண்ணெதிரே வந்து நிற்கும். வசதிதான், ஆனால் புதியவர்கள் எண்களைப் பார்த்துக்கொண்டே இறங்கிக் காதைக் கோட்டைவிடுவார்கள். கொஞ்ச நாள் மறுகையில் கட்டிப் பழகுங்கள்.

கண்ணாடிக்கு உள்பக்கம் லேசாகப் பனி படிகிறது, கொஞ்ச நேரத்தில் மறைந்துவிடுகிறது. மறைவதால் பரவாயில்லையா?

பனி மறைந்துவிட்டது, ஈரம் மறையவில்லை. உள்ளேதான் இருக்கிறது.

தர நிர்ணயச் சோதனையிலேயே இதற்கு எளிமையான ஒரு கட்டம் உண்டு. வாட்சை 40 முதல் 45 டிகிரி சூட்டில் வைத்து, கண்ணாடி மேல் ஒரு சொட்டுக் குளிர்ந்த நீர் விடுவார்கள். ஒரு நிமிடம் கழித்துத் துடைத்துவிட்டுப் பார்த்தால், சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் மங்கல் வட்டம் தெரிந்தால் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். உங்கள் வாட்ச் வெயிலில் சூடாகி, தண்ணீரில் குளிர்ந்து, அதே சோதனையைத் தானே செய்து காட்டிவிட்டது. சர்வீஸுக்குக் கொடுங்கள். அரிசி டப்பாவில் புதைக்காதீர்கள். மூடிய வாட்சுக்குள் இருக்கும் ஈரத்தை அரிசி என்ன செய்யும்?

கடல்நீரே புகுந்து உள்ளே சொட்டு தெரிந்தால் நாளை என்று தள்ளாமல் அன்றைக்கே பழுதுபார்ப்பவரிடம் போங்கள். ஒருமுறை காலையில் மணியைத் திருத்தினேன், கிரவுனைத் திருகி மூட மறந்தேன். 12 மீட்டர் போய்வந்தபோது டயலின் ஆறாம் எண் பக்கம் ஒரு துளி உருண்டுகொண்டிருந்தது. இரண்டு நாள் கழித்துத்தான் கொடுத்தேன். திறந்தபோது எஃகுத் திருகுகளில் எல்லாம் செம்பழுப்புத் துரு. தப்பு முழுக்க என்னுடையது. அதிலிருந்து கட்டியதும் கட்டைவிரலால் கிரவுனை ஒருமுறை தடவிப் பார்க்காமல் இறங்குவதில்லை.

கடலுக்குப் போய்வந்தபின் எப்படிக் கழுவ வேண்டும்?

கிரவுன் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, சாதாரணத் தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவிடுங்கள். குழாயடியில் நீட்டிவிட்டு எடுப்பது போதாது. உப்பு பெசலுக்கு அடியில் காய்ந்து கல்லாகிவிடும். ஊறும்போதே பெசலைச் சில சுற்று சுற்றுங்கள். கிரவுனைத் தொடாதீர்கள், தண்ணீருக்குள் அழுத்தலாம் என்று கையேடு சொல்லியிருந்தால் ஒழிய பட்டன்களையும் தொடாதீர்கள். ஸ்ட்ராப்பைக் கழற்றி ஸ்பிரிங் பார் துளையைப் பழைய டூத்பிரஷ்ஷால் தேய்த்தால் இன்னும் நல்லது. பிறகு நிழலில் காயவையுங்கள்.

கம்ப்யூட்டரில் பின்புறமோ பக்கவாட்டிலோ குட்டித் துளைகள் இருக்கும். அழுத்தத்தை உணரும் சென்சார் அங்கேதான். குண்டூசி விட்டுக் குத்துவதும், காற்றடிக்கும் கருவியால் ஊதுவதும் அதைக் கொல்லும் வழிகள். உப்பு அடைத்திருந்தால் வெதுவெதுப்பான நீரில் கூடுதல் நேரம் ஊறட்டும். அதையே கட்டிக்கொண்டு வெந்நீர்க் குளியலுக்கும் போகாதீர்கள்: சூடும் சோப்பும் ரப்பர் வளையத்துக்கு ஆகாது.

ஏரியில் என் கம்ப்யூட்டர் 30 மீட்டர் கயிற்றின் அடியில் 29 சொச்சம்தான் காட்டுகிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. அது அளப்பது அழுத்தத்தை. மீட்டர் என்பது அதிலிருந்து போட்ட கணக்கு. கடல்நீர் நன்னீரைவிடச் சுமார் இரண்டரை, மூன்று சதவீதம் கனம். கடலுக்கு வைத்த கருவி ஏரியில் அந்த அளவு குறைத்துக் காட்டும். அமைப்பில் ‘நன்னீர்’ இருந்தால் மாற்றுங்கள். ஐரோப்பிய ஈஎன் 13319 தரத்தைப் பின்பற்றும் கருவிகள் இரண்டுக்கும் நடுவிலான ஓர் அடர்த்தியை எடுத்துக்கொள்வதால், இரண்டு இடத்திலும் துளி தப்பாகவே காட்டும்.

மணிக்கட்டிலேயே ஆக்சிஜன், இதயத்துடிப்பு பார்க்கும் வாட்ச் வைத்திருக்கிறேன். நினைவு தப்பப்போவதை முன்கூட்டிச் சொல்லிவிடும்தானே? தனியாகப் பயிற்சி செய்யலாமா?

சொல்லாது. செய்யாதீர்கள். மூச்சை அடக்கினால் உடம்பு கைகால்களுக்குப் போகும் ரத்தத்தைச் சுருக்கி, மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். வாட்ச் ஒளி பாய்ச்சிப் பார்ப்பது அந்தச் சுருங்கிய மணிக்கட்டைத்தான். குளிரும் ஈரமும் அதை இன்னும் குழப்பும். நினைவு தப்புவது பெரும்பாலும் கடைசிச் சில மீட்டர்களிலோ, மேலே வந்து முதல் மூச்சுகள் எடுக்கும்போதோ நடக்கிறது. அப்போது தாடையைப் பிடித்து முகத்தைத் தண்ணீருக்கு மேலே வைக்க ஒரு கை வேண்டும். ஒருவர் இறங்கினால் மற்றவர் மேலே இருக்க வேண்டும். வந்தபின்னும் 30 விநாடி அவர் முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கக் கூடாது. அந்த 30 விநாடியை எண்ண வாட்ச் உதவும், அதுவும் துணையாளின் கையில் இருக்கும் வாட்ச்.

பேட்டரி மாற்றினேன். கடைக்காரர் ‘பழைய வாஷரே நல்லா இருக்கு’ என்று மூடிக் கொடுத்துவிட்டார். இறங்கலாமா?

வேண்டாம். வளையத்தை மாற்றச் சொல்லுங்கள், சிலிக்கான் கிரீஸ் தடவச் சொல்லுங்கள், அழுத்தச் சோதனை செய்து தரச் சொல்லுங்கள். சோதனைக் கருவி இல்லாத இடம் என்றால், இருக்கும் இடத்துக்கு எடுத்துப்போங்கள். அதுவரை வாட்ச் கரையிலேயே இருக்கட்டும்.