என்ஜின் ஏற்றியாச்சு, இந்த வயரை எங்கே கொடுப்பது?

அமெரிக்காவில் புல் வெட்டும் சீசன் தொடங்கினாலே லான் டிராக்டர் (உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் சிறு டிராக்டர்) கேள்விகள்தான். பழைய என்ஜினை இறக்கிப் புதியதை ஏற்றுவது வரை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள், மிச்சமிருக்கும் நான்கைந்து வயரில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

புது என்ஜினில் வயர் நிறமெல்லாம் வேறு. எதை எதோடு சேர்ப்பது?

நிறத்தை மறந்துவிடுங்கள், எந்த வயருக்கு என்ன வேலை என்று பாருங்கள். சாவி ஸ்விட்சின் பின்பக்கம் பெரும்பாலும் எழுத்து பொறித்திருக்கும்: பி பேட்டரி, எஸ் ஸ்டார்ட்டர், ஜி எர்த், எம் மேக்னெட்டோ. இதில் எம் மட்டும்தான் ஆளை ஏமாற்றும். என்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீல் சக்கரத்தின் காந்தம் இக்னிஷன் காயிலைக் கடக்கும்போதே ஸ்பார்க் வந்துவிடும், பேட்டரி தேவையில்லை. பேட்டரி செத்த பழைய பைக்கை உதைத்தே ஓட்டியவர்களுக்கு இது புதிதல்ல. சாவியை ஆஃப் செய்ததும் காயிலை எர்த் செய்து ஸ்பார்க்கை நிறுத்துவதுதான் எம் வயரின் ஒரே வேலை. கார் பழக்கத்தில் அதில் 12 வோல்ட் கொடுத்தால் காயில் காலி. நானும் ஒருமுறை இருட்டுகிற நேரத்தில் அவசரப்பட்டு ஒன்றை எரித்திருக்கிறேன். இணைக்கும் முன் மல்டிமீட்டரை வையுங்கள்: சாவி ஆனில் அந்த வயரில் வோல்ட்டே காட்டக்கூடாது, ஆஃபில் பாடியோடு தொடர்பு காட்ட வேண்டும்.

கழற்றியது பழைய கோலர் கே வரிசை என்ஜினா? அப்படியென்றால் அதில் பெரும்பாலும் பேட்டரி இக்னிஷன் (பேட்டரி கரன்ட்டில் ஸ்பார்க் தருவது) இருந்திருக்கும், அந்த வயரில் உண்மையிலேயே 12 வோல்ட் வரும். ஸ்விட்சையே மேக்னெட்டோ வகைக்கு மாற்றிவிடுங்கள்.

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, ஸ்பார்க் இருக்கிறது, ஆனால் ஓட மறுக்கிறது.

கார்புரேட்டருக்கு அடியில் வயரோடு ஒரு சோலினாய்டு (கரன்ட்டில் இயங்கும் வால்வு) தொங்குகிறதா? 12 வோல்ட் கிடைத்தால்தான் அது பெட்ரோலுக்கு வழி விடும். சாவியைத் திருப்பியதும் 'டக்' என்று கேட்க வேண்டும். கேட்கவில்லையென்றால் சாவி ஆனில் கரன்ட் வரும் வயரை அதற்குக் கொடுங்கள்.

சீட் ஸ்விட்சை விட்டுவிடலாமா?

கூடாது. பிளேடு சுற்றும்போது நீங்கள் எழுந்தால் இதே எம் வயரை எர்த் செய்து என்ஜினை நிறுத்துவது அதுதான். பழைய வயரிங்கைத் தாண்டி ஸ்விட்சிலிருந்து காயிலுக்கு நேராக வயர் இழுப்பவர்கள், தெரியாமலே இந்தப் பாதுகாப்பை வெட்டிவிடுகிறார்கள். பழைய எம் வயரிலேயே புது என்ஜினின் கில் வயரை (காயிலிலிருந்து வரும், என்ஜினை நிறுத்தும் வயர்) சேருங்கள்.

இரட்டை சிலிண்டரை எடுத்துவிட்டு ஒற்றை சிலிண்டர் பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் போட்டேன். பிளேடை ஓடவிட்டுப் புல் வெட்டினால் பேட்டரி இறங்கிவிடுகிறது. புது பேட்டரி!

பேட்டரியைத் திட்டாதீர்கள். உங்களுடையது மின்சார பிளேடு கிளட்ச் (பிளேடை என்ஜினோடு இணைக்கும் மின்காந்தம்) என்று நினைக்கிறேன். அதன் காயில் சுமார் 3 ஓம், அதாவது 12 வோல்ட்டில் ஓயாமல் 4 ஆம்ப் இழுக்கும். என்ஜினிலிருந்து வெள்ளை கனெக்டரில் சிவப்பும் கறுப்புமாக இரண்டு வயர் வந்தால் அது டூயல் சர்க்யூட்: சிவப்பில் டையோடு வழியாக பேட்டரிக்கு 3 ஆம்ப் அளவுக்குத்தான் வரும், கறுப்பு ஹெட்லைட்டுக்கான ஏசி (அதை பேட்டரியில் கொடுத்துவிடாதீர்கள்). வரவு 3, செலவு 4, அப்புறம் கார்புரேட்டர் சோலினாய்டு வேறு. பேட்டரி என்ன செய்யும்?

ரெகுலேட்டரோடு (வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் பெட்டி) வரும் பெரிய ஸ்டேட்டருக்கு (ஃப்ளைவீலுக்கு அடியில் கரன்ட் தயாரிக்கும் காயில்) மாறுவதுதான் வழி. ஃப்ளைவீலில் உள்ள காந்தத்தின் அளவும் அதற்கு ஒத்துவர வேண்டும், அதனால் என்ஜின் மாடல் எண்ணைச் சொல்லிக் கேட்டே வாங்குங்கள். ரெகுலேட்டருக்கு அதன் உடம்புதான் எர்த். பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு உலோகத்தோடு உலோகம் படும்படி முடுக்குங்கள். முழு த்ராட்டிலில் பேட்டரி முனையில் 14 வோல்ட்டை ஒட்டிக் காட்டினால் சரி, பிளேடை ஓட விடலாம்.