பாலி கேள்வி-பதில்: தெராசி இல்லாத சோறு, படி ஏறாத அறை

கேள்வி: அப்பா, அம்மா இருவரும் முட்டைகூடத் தொடாத சைவம். பாலியும் இந்துத் தீவுதானே, சாப்பாட்டுக்குக் குறை இருக்காது என்கிறார் ஏஜெண்ட். நம்பலாமா?

பதில்: பாதி நம்பலாம். பாலி இந்துக்கள் பன்றி, கோழி, வாத்து எல்லாம் சாப்பிடுகிறவர்கள். விசேஷம் என்றாலே முழுப் பன்றியைச் சுட்டெடுக்கும் பாபி குலிங்தான். அதற்காகச் சைவம் கிடைக்காது என்றில்லை. தொல்லை கொடுப்பது கண்ணுக்குத் தெரியாத தெராசி. இறாலைப் புளிக்கவைத்து அரைத்துக் கட்டியாக்கிய விழுது அது. சுண்டைக்காய் அளவு போட்டாலே சட்டி முழுக்க மணக்கும். பாலிச் சமையலின் அடிப்படை மசாலாவான பாசே கெனெப்பில் சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், பேரரத்தை, கச்சோலம், மிளகாய், மிளகு, மல்லியோடு இதுவும் பெரும்பாலும் சேரும். ஆகவே தட்டில் காய்கறி மட்டுமே தெரிந்தாலும் அது சைவம் என்று முடிவுகட்டக் கூடாது.

எங்கெங்கே மாட்டிக்கொள்வார்கள் என்று சொல்லிவிடுகிறேன். வள்ளைக்கீரையில் செய்யும் ப்ளெச்சிங் காங்குங்கில் தெராசி உண்டு. பச்சை வெங்காயமும் எலுமிச்சைப்புல்லும் நறுக்கிப் போட்ட சம்பல் மத்தாவிலும் பெரும்பாலும் உண்டு. இளம்பலாக்காய் லாவார் கூட்டு மாதிரி இருக்கும். அதில் கொத்துக்கறியோ ரத்தமோ கலந்திருக்கலாம். வெந்த காய்களில் வேர்க்கடலைச் சாறு ஊற்றும் காடோ-காடோவின் மேல் செருகிவரும் அப்பளம் பல கடைகளில் இறால் அப்பளம். வறுத்த சோறான நாசி கோரெங்கில் முட்டையை நிறுத்தச் சொன்னாலும் கோழிச்சாற்றுத் தூள் தப்பிவந்துவிடும். எல்லாவற்றையும்விட ஏமாற்றுவது பழக்கலவையான ருஜாக்: ‘குவா பிண்டாங்’ என்று பெயரில் இருந்தால் மாங்காயின் மேல் ஊற்றியிருப்பது மீன் வேகவைத்த சாறு.

சொல்லும்போது ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள்: “சாயா திடாக் மாக்கான் டாகிங், ஆயாம், இக்கான், உடாங், தெலூர், தெராசி.” இறைச்சி, கோழி, மீன், இறால், முட்டை, தெராசி எதுவும் சாப்பிட மாட்டேன் என்று பொருள். ‘டாகிங்’ வேண்டாம் என்று மட்டும் சொன்னால் கோழி வந்து நிற்கும்.

நிம்மதியாகச் சாப்பிட ஏற்றது திபாட் சாந்தோக். வாழ்க்கை முழுக்க இதையே அரைத்துப் பழகியவர்கள் உங்கள் கண்ணெதிரே கல்லில் வேர்க்கடலை, பூண்டு, கச்சோலம், மிளகாய், பனைவெல்லம் வைத்து அரைத்து, ஓலைப்பெட்டியில் அவித்த சோற்றுக்கட்டியையும் வெந்த காய்களையும் அதிலேயே போட்டுப் புரட்டித் தருவார்கள். தெராசி வேண்டாம் என்று அரைக்கும் முன்பே சொல்லிவிடலாம். முந்தைய ஆளுக்கு அரைத்த மிச்சம் கல்லில் ஒட்டியிருக்கும். கழுவித் தரச் சொன்னால் முகம் சுளிக்க மாட்டார்கள். சோயாவில் செய்யும் தெம்பே, தாஹு பொரியல் எங்கும் உண்டு, ஆனால் கோழி பொரித்த எண்ணெய்தானா என்பதைக் கேட்டுக்கொள்ளுங்கள். ‘ரூமா மாக்கான் வெஜிடேரியன்’ என்ற பலகை தெரிந்தால் தயங்காமல் நுழையலாம். பெரும்பாலும் பௌத்த முறைச் சமையல், இறைச்சி போலத் தெரிவதும் சோயாவோ கோதுமையோதான். குட்டா, சானூர், உபுட் மூன்றிலும் இந்திய உணவகங்கள் இருக்கின்றன. இனிப்பில் கவலையே வேண்டாம்: கருப்பரிசிக் கஞ்சியில் தேங்காய்ப்பால் ஊற்றிய புபுர் இஞ்சின், மண்அச்சில் சுட்டுத் தேங்காய்த்துருவலும் பனைவெல்லப் பாகும் போட்ட லக்லக். காலை உணவுக்கு லக்லக் கிடைக்கும் இடத்தில் ஓட்டல் பான்கேக் சாப்பிடுவது வீண்.

கேள்வி: மொத்தம் ஐந்து இரவு. வயதானவர்கள் உண்டு. எங்கே அறை எடுப்பது?

பதில்: மூன்று இரவு உபுட் பக்கம், இரண்டு இரவு சானூர். ஐந்து இரவில் மூன்றாவது ஊரைச் சேர்க்காதீர்கள்; பாலியில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்கிட்டால் ஏமாறுவோம். விமான நிலையத்திலிருந்து உபுட் ஏறக்குறைய 35 கி.மீ.தான். ஒன்றரை மணி நேரம் சாதாரணம், மாலையில் இரண்டும் ஆகும். கடைசி இரவை விமான நிலையத்துக்குப் பக்கமான சானூரில் வைக்கச் சொல்வதும் அதனால்தான்.

சானூரின் கடலை வெளியே இருக்கும் பவளத்திட்டு தடுத்துவிடுவதால் அலை அடங்கியிருக்கும். கரையோரமாகக் கல் பாவிய நடைபாதை நீளமாக ஓடுகிறது, சக்கர நாற்காலியும் போகும். கிழக்கு பார்த்த கரை, ஆகவே காட்சி காலையில்தான். வற்றம் வந்தால் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கிப் பாசியும் பாறையும் தெரியும். குளிக்கத் தண்ணீர் ஏறும் நேரத்தை ஓட்டலில் கேட்டுக்கொள்ளுங்கள். குட்டா, செமின்யாக், சாங்கு கரைகள் அலைச்சறுக்குக்காரர்களுக்கானவை. உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு, சிவப்புக்கொடி போட்ட இடத்தில் முழங்கால் அளவுகூட வேண்டாம்.

உபுட்டில் ‘வயல் பார்த்த அறை’ என்று படத்தைப் பார்த்துப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கார் வாசல் வரை வருமா, அறைக்கு எத்தனை படி? வயலை ஒட்டிய விடுதிகள் பல, ஸ்கூட்டர் மட்டுமே போகும் சந்துக்குள் அரை கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அல்லது ஆற்றுச் சரிவில் அடுக்கடுக்காக இறங்கும். முழங்கால் வலிக்காரர்களுக்கு அந்த அழகு தண்டனை. கூட்டமே ஆகாது என்பவர்கள் உபுட்டுக்குப் பதில் சீடமென் போகலாம்: ஆகுங் மலை காலையில் தெளிவாகத் தெரியும், பொழுது ஏறினால் மேகம் மூடிவிடும். அங்கே ராத்திரி எட்டு மணிக்குமேல் கடை தேடக் கூடாது.

கேள்வி: ஹோம்ஸ்டே என்றால் அவர்கள் வீட்டு ஹாலிலேயே தங்க வேண்டுமா?

பதில்: இல்லை. பாலி வீட்டுக்கு ஹால் என்பதே கிடையாது. சுற்றுமதிலுக்குள் முற்றத்தைச் சுற்றித் தனித்தனிக் கட்டடங்கள். அதில் ஒன்றிரண்டைத் திண்ணையும் குளியலறையும் வைத்து விருந்தினருக்கு ஒதுக்கியிருப்பார்கள். வாசலைத் தாண்டியதும் குறுக்கே ஒரு சுவர் நிற்கும். கெட்ட சக்திகளுக்கு நேராகத்தான் போகத் தெரியும், வளையத் தெரியாது என்பது நம்பிக்கை. மலைப்பக்கமும் கிழக்கும் சேரும் மூலையில் குடும்பக் கோயில். தெற்கு பாலியில் அது வடகிழக்கு, நம் ஈசானிய மூலையேதான். தீவின் வடகரையில் சிங்கராஜா பக்கம் போனால் மலை தெற்கே வந்துவிடும், மூலையும் மாறிவிடும்.

துணியை அந்தக் கோயில் பக்கத்து மதிலில் காயப்போடாதீர்கள். ஆட்கள் கீழே நடந்துபோகும் கொடியில் உள்ளாடையும் கூடாது. வாசலிலும் படியிலும் தினமும் வைக்கும் ஓலைத்தட்டுப் படையலில் ஊதுபத்தி புகையும்போது தாண்டாமல் சுற்றிப் போங்கள். அணைந்து வாடியபின் தவறிக் கால் பட்டால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள். சேவல்கள் விடியும் முன்பே தொடங்கும், அதற்கு எந்த ஹோம்ஸ்டேயிலும் மருந்தில்லை.

கேள்வி: மார்ச்சில் விடுமுறை. ‘நியேப்பி’ நாளில் விமான நிலையத்தையே மூடுவார்களாமே?

பதில்: மூடுவார்கள், 24 மணி நேரம். பாலியின் சக நாள்காட்டிப்படி புத்தாண்டு அது. 2025இல் மார்ச் 29, 2026இல் மார்ச் 19. அந்த இரண்டு ஆண்டும் யுகாதியை ஒட்டி வந்தது. 2024இல் நியேப்பி மார்ச் 11, யுகாதி ஏப்ரல் 9. ஆகவே நம் பஞ்சாங்கத்தைப் பார்த்து டிக்கெட் போடாதீர்கள். பாலியின் நாள்காட்டியைப் பாருங்கள்.

காலை ஆறு முதல் மறுநாள் காலை ஆறு வரை தீ, வேலை, பயணம், கேளிக்கை நான்கும் கிடையாது. பயணிகளும் விடுதி வாசலைத் தாண்டக் கூடாது. பெச்சாலாங் எனும் ஊர்க்காவலர்கள் தெருவில் சுற்றுவார்கள். கைபேசி டேட்டாவையும் நிறுத்துகிறார்கள். பெரிய ஓட்டல்களில் திரை இழுத்துவிட்டு உள்ளேயே சாப்பாடு போடுவார்கள். ஹோம்ஸ்டேயில் அன்று அடுப்பே பற்றவைக்காமல் இருக்கலாம். சாப்பாடு உண்டா என்று முன்பே கேட்டு, இல்லையென்றால் முந்தைய நாள் மதியத்துக்குள் ரொட்டி, பழம், தண்ணீர் வாங்கிவையுங்கள். மாலையானால் ஓகோ-ஓகோ எனும் பூதப் பொம்மைகளின் ஊர்வலம், சாலைகள் அடைபடும். ஒரு நாள் சும்மா இருக்கத் தெரிந்த குடும்பம் இந்த நாளைத் தேடியே போகலாம். விளக்கில்லாத தீவின் மேல் தெரியும் நட்சத்திரங்கள் வேறெந்த நாளிலும் கிடைக்காது. ஐந்து நாள் பயணத்தில் ஒரு நாளை இழக்க முடியாதவர்கள் தேதியைத் தள்ளிவைப்பதே மேல்.

கேள்வி: கோயில் படங்களில் மூலவரையே காணோமே? நாங்கள் இந்துக்கள் என்றால் உள்ளே விடுவார்களா?

பதில்: பாலிக் கோயில் திறந்தவெளி முற்றங்கள். உள்முற்றத்தின் உயரமான கல்பீடம், பத்மாசனம், காலியாகவே இருக்கும். 210 நாளுக்கு ஒருமுறை பெரும்பாலான கோயில்களில் வரும் ஓடாலான் விழாவின்போது தெய்வங்கள் இறங்கி வந்து அமர்வதாகக் கருதுகிறார்கள். கர்ப்பகிருகத்தை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு முதலில் ஏமாற்றமாக இருக்கும்.

உள்முற்றம் வழிபடுவோருக்கு மட்டும். இந்து என்று பெயர் சொன்னால் போதாது, வழிபடும் கோலத்தில் இருக்க வேண்டும்: இடுப்பில் சாரோங், அதன்மேல் செலெண்டாங் கச்சை, ஆண்களுக்குத் தலைக்கட்டு. பெமாங்கு எனும் பூசாரியிடம் கும்பிட விரும்புவதாகச் சொல்லிக் கேளுங்கள். அனுமதிப்பது அவர் விருப்பம். தரையில் உட்கார்ந்து ஐந்து முறை கைகூப்புவார்கள்: முதலும் கடைசியும் வெறுங்கை, நடுவில் மூன்றும் பூவோடு. பிறகு தீர்த்தம் தெளிப்பார்கள், மூன்று முறை உறிஞ்சி முகத்தில் துடைத்துக்கொள்ளலாம். ஈர அரிசி கொடுத்தால் நெற்றியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். மாதவிலக்குக் காலத்திலும் குடும்பத்தில் இறப்புத் தீட்டு இருக்கும்போதும் நுழையக் கூடாது, பயணிகளுக்கும் சேர்த்துத்தான்.

தம்பாக்சிரிங்கின் தீர்த்தா எம்புல் ஊற்றில் நீராட நினைத்தால் அங்கே வாடகைக்குத் தரும் சாரோங்கைக் கட்டிக்கொண்டு இறங்குங்கள். மாற்றுடை ஒன்று போதாது, உள்ளாடையும் வேண்டும். இடக்கோடியில் தொடங்கி ஒவ்வொரு தாரையாக நகர வேண்டும். முதல் குளத்தில் இரண்டு தாரைகள் இறந்தோர் சடங்குக்கு உரியவை; முன்னால் போகும் பாலிக்காரர் எதைத் தவிர்க்கிறாரோ அதைத் தவிருங்கள். தண்ணீரை விழுங்க வேண்டாம்.

கேள்வி: கெச்சாக் நடனம் பார்க்க உலுவாத்துவா, உபுட்டா?

பதில்: கடலும் அந்தியும் வேண்டுமென்றால் கடலோரப் பாறைமேல் இருக்கும் உலுவாத்து கோயில். முதுகு சாயக் கல்படியில் இடமில்லை, முன்கூட்டியே போய் இடம் பிடிக்க வேண்டும், குரங்குகள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போகும் (துரத்தாதீர்கள்; ஆட்கள் பழம் கொடுத்து மீட்டுத் தருவார்கள்). பெற்றோர் உடனிருந்தால் உபுட் கோயில் முற்றத்து நிகழ்ச்சியே வசதி. வாத்தியமே கிடையாது, ஆண்கள் வட்டமாக உட்கார்ந்து எழுப்பும் ‘சக் சக்’ ஒலிதான் இசை. ஆவேசச் சடங்கு ஒன்றின் குரலிசையை எடுத்து 1930களில் ராமாயணத்தோடு சேர்த்து மேடைக்கு ஆக்கியது இது. கதை நமக்குத் தெரிந்ததே என்பதால் குறிப்புத்தாள் தேவைப்படாது.

கேள்வி: பில்லில் விலைக்குப் பக்கத்தில் ‘++’ போட்டிருக்கிறதே? பணம் எங்கே மாற்றுவது?

பதில்: சேவைக்கட்டணமும் வரியும் தனி என்று அர்த்தம். லட்சம் ரூபியா சாப்பாட்டுக்குச் சேவைக்கட்டணம் 10% சேர்ந்து 1,10,000. அதன்மேல் வரி 10%, மொத்தம் 1,21,000. அறை வாடகைக்கும் இதே கணக்கு வரலாம். வருகை விசா 5,00,000 ரூபியா, 30 நாள். 2024 பிப்ரவரியிலிருந்து வசூலிக்கும் பாலிப் பயணக் கட்டணம் 1,50,000 அதில் சேராது, அது தனி.

பலகையில் மற்றவர்களைவிட அதிகம் எழுதியிருக்கும் சந்துக்கடையில் மாற்றாதீர்கள். 20,000 தாள்களாக அடுக்கி எண்ணிக் காட்டி, கடைசியாகக் கையில் எடுத்துத் தட்டிச் சீராக்கும்போது சில தாள்கள் மேசைக்குப் பின்னால் விழுந்துவிடும். கடைசியாக எண்ணுவது நீங்களாக இருக்க வேண்டும், எண்ணியபின் அவர் கைக்குத் திரும்பக் கொடுக்கக் கூடாது. ஏ.டி.எம். என்றால் இன்னொரு கவனம்: பல இயந்திரங்கள் பணத்தை முதலில் தள்ளிவிட்டுக் கார்டைப் பிறகே தரும். பணத்தோடு நடையைக் கட்டுகிறவர்கள் கார்டை இழக்கிறார்கள்.

கேள்வி: நூசா பெனிடாவை ஒரே நாளில் பார்த்துவிடலாமா?

பதில்: சானூரிலிருந்து வேகப்படகில் முக்கால் மணிக்குள் போய்விடலாம். தீவுக்குள் சாலைகள் குறுகலும் மேடுபள்ளமுமாக இருப்பதால் மேற்குப் பக்கம், கிழக்குப் பக்கம் இரண்டில் ஒன்றை மட்டும் எடுங்கள். கெலிங்கிங் மலைமுனையை மேலிருந்து பார்த்தால் போதும். கீழே கடற்கரைக்கு இறங்கும் பாதை செங்குத்து, அங்கே கடலும் ஆளை இழுக்கும். ஜூலை, ஆகஸ்டில் அலை கடுமை. வாந்தி மாத்திரையைப் படகேற அரை மணி முன்பே போட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: நம் ஊர் சார்ஜர் அங்கே பொருந்துமா?

பதில்: 230 வோல்ட்தான். இரண்டு மெல்லிய உருண்டை முனை உள்ள போன் சார்ஜர் பொருந்தும். மூன்று முனை லேப்டாப் பிளக் பொருந்தாது, அதற்கு மட்டும் அடாப்டர் எடுத்துக்கொள்ளுங்கள்.