தலைப்பாகையும் டோக்கனும்

கேள்வி: ராணிப்பேட்டை பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் புரொடக்‌ஷன் மேனேஜராக இருக்கிறேன். என் பொறுப்பில் இருக்கும் தையல் லைனில் 42 பேர், எல்லாரும் பெண்கள். ஆளாளுக்கு எழுந்து போவதால் டார்கெட் அடிபடுகிறது என்று போன மாதம் லைனுக்கு இரண்டு டோக்கன் வைத்தோம். டோக்கன் கையில் இருந்தால்தான் டாய்லெட்டுக்குப் போகலாம். போன வாரம் ஒருவர் டோக்கனைத் தொடாமலே எழுந்தார். சூப்பர்வைசர் தடுத்ததற்கு, "இன்னா சார், ஒண்ணுக்குப் போறதுக்கும் கூப்பனா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். சூப்பர்வைசரிடம் விசாரித்தேன். அந்த அம்மாவுக்கு எப்போதுமே வாய் அதிகம் என்கிறார். இதை விட்டால் நாளைக்கு 42 பேரும் எழுந்து போவார்கள். சஸ்பெண்ட் செய்யலாமா, மெமோவோடு நிறுத்தலாமா?

(பெயர் வேண்டாம் என்ற வாசகர், ராணிப்பேட்டை)

பதில்: இரண்டு வழி காட்டி ஒன்றைச் சொல்லச் சொல்கிறீர்கள். இரண்டிலும் தண்டனை அந்த அம்மாவுக்குத்தான். டோக்கனை யாரும் விசாரிக்கப் போவதில்லையா?

உங்கள் கடிதத்தில் ஆள் கணக்கு இருக்கிறது, டோக்கன் கணக்கு இருக்கிறது. கழிப்பறை எத்தனை, லைனிலிருந்து எவ்வளவு தூரம், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று ஒரு வரி இல்லை. சரி, நானே ஒரு கணக்குப் போட்டேன். போய்வர ஆளுக்குப் பத்து நிமிஷம் என்றே வைத்துக்கொள்வோம். 42 பேர், இரண்டு டோக்கன். எல்லாரும் ஒரே ஒரு தடவை போய்வரவே மூன்றரை மணி நேரம். அதாவது, உங்கள் விதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்க வேண்டுமானால் பாதிப் பேர் காலையில் தண்ணீரே குடிக்காமல் வர வேண்டும். வந்துகொண்டிருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். அது உங்களுக்கு ரிப்போர்ட்டில் வராது.

ராணிப்பேட்டையிலிருந்து பஸ் ஏறினால் கொஞ்ச நேரத்தில் வேலூர் கோட்டை. 1805 நவம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை ராணுவத்துக்கு ஒரு புது விதி வந்தது. நெற்றியில் சமயக்குறி கூடாது, காதில் கடுக்கன் கூடாது, தாடியை எடுக்க வேண்டும், தோல் குஞ்சம் வைத்த புதுத் தலைப்பாகையை அணிய வேண்டும். 1806 மே மாதம் இந்தக் கோட்டையில் இருந்த சிப்பாய்கள் மாட்டோம் என்று நேருக்கு நேர் சொன்னார்கள். ஏன் மாட்டோம் என்கிறார்கள் என்று கேட்க ஆள் இல்லை. சென்னைக்கு அனுப்பி விசாரணை, கசையடி, வேலை நீக்கம். மேலிடத்துக்கு நிம்மதி. சத்தம் அடங்கிவிட்டது அல்லவா!

அதற்கப்புறம் நடந்ததுதான் உங்களுக்கு வேண்டியது. முஸ்தபா பேக் என்ற சிப்பாய் கர்னல் ஃபோர்ப்ஸிடம் போய், உள்ளே ஏதோ புகைகிறது என்று முன்கூட்டியே சொன்னார். கர்னலும் விசாரிக்கத்தான் செய்தார். யாரிடம்? அதே படையின் இந்திய அதிகாரிகளிடம். அவர்கள் கூடி, அந்த ஆளுக்குப் பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். சொன்னவரைப் பிடித்து அடைத்தார்கள். ஜூலை 10 விடிவதற்குள் கோட்டையில் துப்பாக்கிச் சத்தம், சிப்பாய்கள் கலகம். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வந்து ரத்தத்தால் கழுவினார். பிறகு தலைப்பாகை உத்தரவும் போயிற்று. கவர்னர் பெண்டிங்கும் தளபதி கிராடாக்கும் பதவியிழந்து சீமைக்குத் திரும்பினார்கள்.

உங்கள் கம்பெனியில் கலகம் வரும் என்று சொல்ல வரவில்லை, பயப்படாதீர்கள். தையல் லைனில் கலகம் வேறு மாதிரி வரும். சம்பளம் வாங்கிய மறுநாள் ஆறு பேர் பக்கத்துக் கம்பெனி வேனில் ஏறியிருப்பார்கள். நான் காட்டுவது அந்த விசாரணையை. டோக்கனைக் கையில் வைத்திருப்பது சூப்பர்வைசர். அவரிடமே போய் டோக்கனை எதிர்த்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்டால் வேறென்ன சொல்வார்?

சட்டத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஹெச்.ஆர். ஸ்டாண்டிங் ஆர்டர் என்று சொல்லும், கம்பெனியின் வேலை விதிகளை எழுதி வைத்த நிலையாணையில் இந்த டோக்கன் இருக்கிறதா, எடுத்துப் பாருங்கள். இல்லாத ஒழுங்கு விதியைப் புதிதாகக் கொண்டுவருவதற்கு 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது 1947 தொழில் தகராறு சட்டத்திலிருந்தே உள்ளது. 2020 தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. சஸ்பெண்ட் செய்தால் விசாரணை முடியும்வரை முதல் 90 நாள் பாதிச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், அதற்கு மேலும் அந்த அம்மா காரணமில்லாமல் இழுத்தால் முக்கால். விசாரணையில் முதல் கேள்வியே 'விதியைக் காட்டுங்கள்' என்பதாக இருக்கும்.

வேலூர் லாங்கு பஜார் பக்கம் ஓர் அச்சகத்தில் நான் புரூஃப் பார்த்த காலத்தில், செருப்பை வாசலிலேயே விட வேண்டும் என்று முதலாளி ஒரு விதி போட்டார். சரஸ்வதி இருக்கிற இடம் என்பது காரணம். கட்டிங் மெஷின்காரர் மட்டும் செருப்போடு நின்றார். கேட்டதற்குப் பதில் பேசாமல், காலைத் தூக்கி ரப்பர் அடிப்பாகத்தைக் காட்டினார். ஸ்டிச்சிங் கம்பித் துண்டு ஏழெட்டு குத்திக்கொண்டு மின்னியது. முதலாளி ஒரு நிமிஷம் பார்த்தார். மறுநாளிலிருந்து பைண்டிங் பக்கம் செருப்பு போடலாம், ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் கூடாது என்றாகிவிட்டது. அந்த ஆளை முதலாளிக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை. பிடிக்க வேண்டும் என்று யார் சொன்னது?

எல்லா விதிக்கும் இப்படி உட்கார்ந்து பேச முடியாது என்பதும் எனக்குத் தெரியும். தோல் வெட்டும் பிரஸ்ஸில் இரண்டு கையாலும் அமுக்கினால்தான் வெட்டும்படி இரண்டு பொத்தான் வைத்திருக்கிறார்கள். வேகத்துக்காக ஒன்றை டேப் ஒட்டி அமுக்கி வைக்கிறான் ஒருவன் என்றால், அங்கே நியாயம் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது. மெஷினை நிறுத்திவிட்டுத்தான் மற்ற பேச்சு. அது விரலைக் காப்பாற்றும் விதி. உங்கள் டோக்கன் எதைக் காப்பாற்றுகிறது? டார்கெட்டை என்றால், டோக்கன் வந்த பிறகு எத்தனை ஜோடி கூடியது என்று நீங்களே கடிதத்தில் சொல்லியிருப்பீர்கள்.

அந்த அம்மா எல்லார் முன்னாலும் கேட்டது உங்களைச் சுட்டிருக்கிறது. தனியாக வந்து சொல்லியிருக்கலாம்தான். எங்கே வந்து சொல்வது? உங்கள் கேபினுக்கு வர வேண்டுமானாலும் சீட்டை விட்டு எழுந்திருக்க வேண்டுமே.

மெமோ டைப் ஆகியிருந்தால் கிழித்துப் போடுங்கள். டீ நேரத்தில் லைனுக்கே போங்கள். அந்த அம்மாவோடு அவரே கூப்பிடுகிற இரண்டு பேரும் இருக்கட்டும். எத்தனை மணிக்குக் கூட்டம் சேருகிறது, எந்தக் கழிப்பறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். சூப்பர்வைசர் அந்தப் பதினைந்து நிமிஷம் கேன்டீனில் டீ குடிக்கட்டும்.