மூன்றாண்டு முடிகிறது, வாரண்டியை நீட்டிக்கலாமா? சொகுசுக் கார் வைத்திருப்போர் கேள்விகளும் பதில்களும்

சொகுசுக் கார் சர்வீஸ் சென்டர் ஒன்றில் பதினான்கு ஆண்டுகள் வாரண்டி விண்ணப்பங்களைக் கவனித்தவன் நான். எது தேறும், எது திருப்பி அனுப்பப்படும் என்பதை அந்த மேசையில் உட்கார்ந்துதான் கற்றுக்கொண்டேன். இப்போது பழைய கார் வாங்குவோருக்காக வண்டியைச் சோதித்துச் சொல்லும் வேலையில் இருக்கிறேன். வாரண்டி நீட்டிப்பு பற்றி வந்த கேள்விகளுக்கு என் அனுபவத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

கேள்வி (கோவை): என் பெட்ரோல் செடானின் மூன்று ஆண்டு வாரண்டி அடுத்த மாதம் முடிகிறது. மேலும் இரண்டு ஆண்டுகளுக்கு ரூ.1.90 லட்சம் கேட்கிறார்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி. ஏழெட்டு ஆண்டுகள் வைத்திருப்பதாக எண்ணம். போடலாமா, வேண்டாமா?

பதில்: உங்கள் இடத்தில் நான் இருந்தால் போடுவேன். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வாரண்டியை விற்பவர் நஷ்டத்துக்கு விற்பதில்லை. பணம் கட்டியவர்களில் பெரும்பாலானோருக்குக் கட்டிய அளவுக்குப் பழுதே வராது. அதனால் 'போட்ட பணத்தை எடுத்துவிடலாம்' என்ற கணக்கில் வாங்காதீர்கள். திடீரென்று நாலைந்து லட்சத்துக்கு ஒரு பில் வந்தால் குடும்பமோ தொழிலோ ஆட்டம் காணுமா என்று மட்டும் பாருங்கள். ஆட்டம் காணும் என்றால் போடுங்கள். சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியும் என்றால், அந்த ரூ.1.90 லட்சத்தை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள்.

உங்கள் வண்டியில் ஏர் சஸ்பென்ஷன் இருப்பதால்தான் நான் 'போடுங்கள்' பக்கம் சாய்கிறேன். ஸ்பிரிங் இருக்க வேண்டிய இடத்தில் காற்று நிரம்பிய ரப்பர் பை இருக்கிறது. நம் ஊர் வெயிலிலும் வேகத்தடைகளிலும் அந்த ரப்பரின் மடிப்பில் மயிரிழை அளவுக்கு விரிசல் விழும். இரவு முழுக்கக் காற்று கசியும். காலையில் பார்த்தால் வண்டி ஒரு பக்கம் தாழ்ந்து நிற்கும். ஸ்டார்ட் செய்ததும் கம்ப்ரசர் காற்றடித்து நிமிர்த்திவிடும், நாமும் மறந்துவிடுவோம். இப்படி ஓய்வில்லாமல் ஓடி ஓடி ஒரு நாள் கம்ப்ரசரே கருகிப் போகும். சோப்புத் தண்ணீரை ரப்பர் மடிப்பில் தெளித்தால் குமிழ் குமிழாகக் கிளம்புவது கண்ணுக்கே தெரியும். அந்தக் குமிழைக் கண்ட அன்றே மாற்றியிருந்தால் ஒரு பையோடு செலவு முடிந்திருக்கும்.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒன்று, பழைய வாரண்டி முடிவதற்கு மூன்று வாரம் முன்பாகவே வண்டியை விட்டு முழுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். கம்ப்யூட்டரில் பதிவான பிழைக் குறியீடுகளின் அச்சுப் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். எண்ணெய்க் கசிவு, ஸ்டியரிங் சத்தம், கியர் மாறும்போது வரும் உதறல் எல்லாவற்றையும் ஜாப் கார்டில், அதாவது சர்வீஸ் சென்டர் போடும் வேலைச் சீட்டில், எழுதச் சொல்லுங்கள். வாயால் சொன்னது எங்கும் நிற்காது. இரண்டு, ஏர் சஸ்பென்ஷனில் ரப்பர் பைக்கும் வாரண்டி உண்டா, கம்ப்ரசருக்கு மட்டும்தானா என்பதை எழுத்தில் கேளுங்கள். சில திட்டங்களில் பை தேய்மானப் பொருள் என்று கழிந்துவிடும். அப்படியிருந்தால் நான் மேலே சொன்ன ஆலோசனை பாதியாகக் குறைகிறது. சொன்ன தொகையில் 18% ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கிறதா என்பதையும் கேட்டுவிடுங்கள்.

கேள்வி (சென்னை, அண்ணாநகர்): நான் மூன்று ஆண்டுக்கு ஒரு முறை காரை மாற்றிவிடுவேன். புதுக் காரோடு சேர்த்தே வாங்கினால் சலுகை என்கிறார்கள்.

பதில்: வேண்டாம். நீங்கள் விற்கும் நாளில்தான் அது தொடங்கவே போகிறது. வாங்குபவர் பெயருக்கு மாற்றிக் கொடுக்கலாம் என்பார்கள். அது விற்க உதவும்தான். ஆனால் கட்டிய தொகை அப்படியே விலையில் ஏறாது.

கேள்வி (மதுரை): அண்ணா, ஐந்து வயதான ஜெர்மன் எஸ்.யூ.வி. ஒன்றைப் பழைய கார் வியாபாரியிடம் பார்த்திருக்கிறேன். ரூ.45,000 கொடுத்தால் வேறொரு நிறுவனத்தின் ஓராண்டு வாரண்டி தருகிறார். 'இன்ஜின், கியர் பாக்ஸ் எல்லாம் அடங்கும்' என்கிறார். நம்பலாமா?

பதில்: தம்பி, 'எல்லாம் அடங்கும்' என்ற சொல்லைக் காகிதத்தில் எங்கே எழுதியிருக்கிறது என்று முதலில் கேளுங்கள். உற்பத்தி நிறுவனமே தரும் நீட்டிப்பும், வெளி நிறுவனம் தரும் வாரண்டியும் பெயரில்தான் ஒன்று.

காகிதத்தில் நீங்கள் விரல் வைத்துப் பார்க்க வேண்டிய முதல் இடம், உச்ச வரம்பு. ஒரு பழுதுக்கு ஒரு லட்சம்தான் என்று போட்டிருந்தால், கியர் பாக்ஸ் போனால் மீதியை யார் கட்டுவது? அடுத்தது, தொடர் சேதம். நான் மேசையில் இருந்தபோது வந்த ஒரு விண்ணப்பம் இன்னும் நினைவில் இருக்கிறது. குளிரூட்டி நீர் போகும் பிளாஸ்டிக் குழாய் உடைந்து இன்ஜின் சூடேறி, இன்ஜினின் மேல் மூடியான சிலிண்டர் ஹெட் வளைந்துவிட்டது. வாரண்டி நிறுவனம் என்ன சொன்னது தெரியுமா? பிளாஸ்டிக் குழாய் பட்டியலில் இல்லை, பட்டியலில் இல்லாத பொருளால் விளைந்த சேதத்துக்கும் பொறுப்பில்லை. இன்ஜின் பட்டியலில் இருந்தது. இருந்தும் என்ன பயன்? அந்த வண்டிக்காரர் கையில் தாளை வைத்துக்கொண்டு என் எதிரில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அவர் அந்த வரியைக் கையெழுத்து போடுவதற்கு முன் படித்திருக்க வேண்டும். படிக்கச் சொல்ல அன்று ஒருவரும் இல்லை.

இன்னும் ஒன்று. பழுதை யார் பிரித்துப் பார்ப்பது, அதற்கான கூலி யாருடையது? கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்த்த பிறகு 'இது வாங்கும் முன்பே இருந்த கோளாறு' என்று தள்ளிவிட்டால், கழற்றி மாட்டிய கூலியும் உங்கள் தலையில்தான். எனவே அந்த ரூ.45,000-ஐத் தொடும் முன், சில ஆயிரம் செலவழித்து, விற்பவருக்குத் தொடர்பில்லாத பணிமனையில் வண்டியை லிஃப்டில் ஏற்றிப் பாருங்கள். சர்வீஸ் வரலாறு முழுதாக இல்லாத வண்டி என்றால், எந்த வாரண்டி சேர்த்துக் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள்.

கேள்வி (சென்னை, வேளச்சேரி): மழையில் கார் மூழ்கினால் நீட்டிப்பு வாரண்டியில் சரி செய்வார்களா?

பதில்: மாட்டார்கள். வாரண்டி என்பது பொருளின் குறைபாட்டுக்கு. வெள்ளம், விபத்து, தீ, திருட்டு எல்லாம் இன்சூரன்ஸின் வேலை. அதிலும் சாதாரண பாலிசியில், இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்த சேதத்துக்கு முழுப் பணம் கிடைப்பது கடினம். இன்ஜின் பாதுகாப்பு என்ற கூடுதல் சேர்க்கை இருக்க வேண்டும். 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகும் வந்த வண்டிகளில் மனம் நொந்து பார்த்தது ஒன்றுதான்: தண்ணீர் வடிந்ததும் 'ஒரு முறை ஸ்டார்ட் செய்து பார்ப்போம்' என்று சாவியைத் திருப்பியவர்களின் இன்ஜின்கள். தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் மேலே வரும்போது, அதைத் தள்ளும் கம்பியான கனெக்டிங் ராடுதான் வளையும். நீரில் நின்ற வண்டியைத் தொடாதீர்கள், இழுவை வண்டியை அழையுங்கள். வேளச்சேரிக்காரரான உங்களுக்கு வாரண்டி நீட்டிப்பைவிட இந்தச் சேர்க்கைதான் முதலில் வேண்டும்.

கேள்வி (தஞ்சாவூர்): எலி வயரைக் கடித்துவிட்டது. வாரண்டி உண்டா?

பதில்: கிடையாது. இன்சூரன்ஸ் பாலிசியில் எலிக்கடி சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கேள்வி (திருச்சி): எங்கள் ஊரில் தெரிந்த மெக்கானிக் ஒருவர் மிகச் சுத்தமாக வேலை செய்கிறார். அவரிடம் ஆயில் மாற்றினால் வாரண்டி போய்விடும் என்று மிரட்டுகிறார்கள். உண்மையா?

பதில்: இதில் நம் பக்கம் ஒரு முக்கியமான உத்தரவு இருக்கிறது, பலருக்கும் தெரிவதில்லை. 2014 ஆகஸ்டில், சந்தையில் நியாயமான போட்டி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் சுமார் ரூ.2,544 கோடி அபராதம் விதித்தது. உதிரி பாகங்களையும் பழுது பார்க்கும் தகவல்களையும் வெளிப் பணிமனைகளுக்குக் கிடைக்க விடாமல் செய்ததுதான் குற்றச்சாட்டு. வெளியில் பழுது பார்த்ததற்காக மட்டுமே வாரண்டி மொத்தமும் ரத்து என்று பொது நிபந்தனை போடக் கூடாது, வெளியில் நடந்த தவறான வேலையால் வந்த சேதத்துக்கு மட்டுமே மறுக்கலாம் என்றும் அந்த உத்தரவு சொன்னது. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குப் போயின.

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நீங்கள் தனியாகப் பணம் கட்டி வாங்கும் நீட்டிப்பு ஓர் ஒப்பந்தம். அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் மட்டும் என்ற வரி அதில் இருந்து, நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், பெரிய பழுது வரும் நாளில் அந்த வரியைத்தான் நீட்டுவார்கள். நீங்கள் உத்தரவைக் காட்டி வாதாடலாம், ஆனால் வண்டி அதுவரை நின்றுகொண்டிருக்கும். ஆகவே நீட்டிப்பு போட்டிருக்கும் வரை ஆயில் சர்வீஸை மட்டுமாவது அவர்களிடமே செய்யுங்கள். கிலோமீட்டரும் தேதியும் தவறக் கூடாது. நீட்டிப்பு முடிந்த மறுநாளே உங்கள் மெக்கானிக்கிடம் போங்கள். நல்ல கை கிடைப்பது அரிது, அவரை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி (ஓசூர்): மின்சாரக் கார் வாங்கியிருக்கிறேன். பயமெல்லாம் பேட்டரி பற்றித்தான்.

பதில்: பெரும்பாலான நிறுவனங்கள் பேட்டரிக்குத் தனி வாரண்டி தருகின்றன. 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர், எது முந்தியோ அது என்பது வழக்கமான அளவு. அந்தப் பயத்துக்காக நீட்டிப்பு வாங்க வேண்டாம். திரை, சார்ஜர், கதவுக் கைப்பிடி, சஸ்பென்ஷன் இவற்றுக்காக வேண்டுமா என்று மட்டும் யோசியுங்கள்.

கேள்வி (சேலம்): டர்போ பழுதுக்கு விண்ணப்பித்தேன். 'வாகனம் சரியாகப் பராமரிக்கப்படவில்லை' என்று ஒரே வரியில் மறுத்துவிட்டார்கள். எல்லா சர்வீஸும் அவர்களிடமே செய்தவன் நான். கார் எங்கள் கம்பெனி பெயரில் இருக்கிறது.

பதில்: அந்த ஒரு வரியோடு திரும்பி வராதீர்கள். எந்த நிபந்தனையின் எந்தப் பிரிவின்படி மறுத்தார்கள், என்ன சோதனை செய்தார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். இன்ஜினுக்குக் காற்றை அழுத்தி அனுப்பும் அந்தப் பழைய டர்போவை அவர்கள் தூக்கிப் போடாமல் வைத்திருக்கச் சொல்லி மின்னஞ்சல் அனுப்புங்கள், அதுதான் உங்கள் சாட்சி. சர்வீஸ் பில்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லையென்றால் நுகர்வோர் ஆணையம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும்.

கம்பெனி பெயரில் இருப்பதால் நீங்கள் நுகர்வோரே இல்லை என்று வாதிடுவார்கள். கலங்க வேண்டாம். இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்காகக் கம்பெனி வாங்கிய சொகுசுக் காரை வணிக நோக்கம் என்று ஒதுக்க முடியாது என 2024-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. கார் யார் பயன்பாட்டில் இருக்கிறது என்பதற்கான ஆவணங்களைத் தயாராக வைத்திருங்கள்.

கேள்வி (காரைக்குடி): ஐயா, கணவர் ஆசையாக வாங்கிய கார். அவர் தவறி எட்டு மாதமாகிறது. நான் கோயிலுக்கும் மகள் வீட்டுக்கும் மட்டும் எடுக்கிறேன், ஆண்டுக்கு மூவாயிரம் கிலோமீட்டர்கூட ஓடாது. விற்க மனமில்லை. வாரண்டியை நீட்டிக்கச் சொல்லி ஷோரூமிலிருந்து தினம் போன் வருகிறது.

பதில்: அம்மா, விற்க வேண்டியதில்லை, அவசரப்பட்டுப் பணம் கட்டவும் வேண்டியதில்லை. முதலில் பதிவுச் சான்றையும் இன்சூரன்ஸையும் உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பெயர் மாறாமல் வாரண்டி போட்டால், நாளை விண்ணப்பிக்கும்போது அதையே காரணமாகச் சொல்லி அலைக்கழிப்பார்கள்.

குறைவாக ஓடும் வண்டியில் இன்ஜினும் கியர் பாக்ஸும் தேய்வது குறைவு. கெடுவது நின்றுகொண்டே இருப்பதால் கெடுபவை: பேட்டரி, டயர், ரப்பர், பிரேக் எண்ணெய். இவற்றில் பெரும்பாலானவற்றை வாரண்டி எப்படியும் தொடாது. அதனால் உங்களுக்கு நீட்டிப்பு தேவையில்லை என்றே நினைக்கிறேன். கிலோமீட்டர் ஆகவில்லை என்றாலும் ஆண்டுக்கு ஒரு முறை ஆயில் மாற்றுங்கள். வாரம் ஒரு நாள் அரை மணி நேரமாவது பிள்ளையார்பட்டி வரை ஓட்டிவிட்டு வாருங்கள். வீட்டு வாசலில் ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடத்தில் நிறுத்துவது பேட்டரிக்குப் போதாது. மகள் வீட்டுக்குப் போகும் முன்பு டயரில் காற்று பார்க்க மறக்காதீர்கள். போன் செய்பவரிடம், திட்டத்தின் விதிமுறைகள் முழுவதையும் தபாலில் அனுப்பச் சொல்லுங்கள். வந்தால் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், வரி வரியாகப் படித்துச் சொல்கிறேன்.