காப்புரிமை கையில் இருந்தால் விற்பனையையே நிறுத்தலாமா?

கேள்வி: தன் காப்புரிமையை மீறியவர்மீது வழக்குப் போடுவது கண்டுபிடித்தவரின் உரிமைதானே? மொபைல் போன் விஷயத்தில் மட்டும், சந்தையில் உள்ள பலத்தைத் தவறாகப் பயன்படுத்துவதைத் தடுக்கும் போட்டிச் சட்டத்தை ஏன் இழுக்கிறார்கள்?

பதில்: வழக்குப் போடலாம், அதில் தகராறே இல்லை. ஆனால் 3ஜி, 4ஜி மாதிரி ஒரு தரநிலைக்குள், அதாவது எல்லாக் கம்பெனிகளும் பின்பற்றும் பொதுவான தொழில்நுட்ப விதிகளுக்குள், இடம்பிடித்துவிட்ட காப்புரிமை வேறு ரகம். திரையைத் திறக்கும் விதத்துக்கு ஒருவர் காப்புரிமை வைத்திருந்தால் வேறு விதமாகத் திறக்க வைத்துத் தப்பிக்கலாம். டவரோடு போன் பேசும் முறையை அப்படி மாற்ற முடியாது, மாற்றினால் சிக்னலே கிடைக்காது. அந்த இடத்தில் நின்றுகொண்டு "கேட்டதைக் கொடு, இல்லாவிட்டால் விற்காதே" என்றால், வசூலாவது கண்டுபிடிப்பின் மதிப்பு மட்டும் இல்லை, அடுத்தவருக்கு வேறு வழியில்லை என்பதற்கும் சேர்த்துத்தான். இதைத் தடுக்கத்தான் நியாயமான, பாரபட்சமில்லாத கட்டணத்துக்கு உரிமம் தருகிறோம் என்று உரிமையாளர்கள் தரநிலை அமைப்புகளிடம் முன்கூட்டியே வாக்குக் கொடுக்கிறார்கள்.

வாக்கு மீறினால் என்ன ஆகும்? 2012 பிப்ரவரியில் ஜெர்மனியில் ஆப்பிளின் ஆன்லைன் கடையிலிருந்து ஐபோன் 3ஜிஎஸ், ஐபோன் 4 இரண்டும் கொஞ்ச நேரம் காணாமல் போயின. போனில் டேட்டா அனுப்பும் ஜிபிஆர்எஸ் முறையில் தனக்கிருந்த காப்புரிமையை வைத்து மோட்டரோலா கோர்ட்டில் வாங்கிய விற்பனைத் தடைதான் காரணம். கட்டணத்தைக் கோர்ட்டே முடிவு செய்யட்டும், கட்டுப்படுகிறோம் என்று ஆப்பிள் சொன்ன பிறகும் மோட்டரோலா அந்தத் தடையை விடவில்லை. இது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்தியது என்று, ஐரோப்பிய ஒன்றியத்தில் போட்டிச் சட்டத்தைக் கவனிக்கும் ஐரோப்பிய ஆணையம் 2014 ஏப்ரலில் தீர்ப்புச் சொன்னது. ஆனால் அபராதம் போடவில்லை, ஏனென்றால் அதற்கு முன் இப்படி ஒரு வழக்கில் ஐரோப்பிய நீதிமன்றங்கள் தெளிவாக எதுவும் சொல்லியிருக்கவில்லை. எனக்கு அந்தத் தீர்ப்பு சரியாகவே படுகிறது.

கேள்வி: சரி, போன் கம்பெனி பணமே கொடுக்காமல் வருஷக்கணக்கில் இழுத்தடித்தால்?

பதில்: அதுவும் நடக்கிறது, ஆராய்ச்சிக்குக் கொட்டிய பணத்தை நினைத்தால் உரிமையாளரின் கோபமும் நியாயம்தான். ஹுவாவே, இசட்டிஇ என்ற இரண்டு சீன கம்பெனிகளுக்கு இடையிலான காப்புரிமை வழக்கில் 2015 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் இரண்டு பக்கத்துக்கும் கடமை வைத்தது. உரிமையாளர் முதலில் எந்தக் காப்புரிமை, எப்படி மீறப்பட்டது என்று எச்சரிக்க வேண்டும். எதிராளி உரிமம் வாங்கச் சம்மதித்தால், எவ்வளவு, எந்தக் கணக்கில் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். பிடிக்கவில்லையா, எதிராளி சீக்கிரமே தன் தொகையை எழுத்தில் சொல்லியாக வேண்டும். அதுவும் மறுக்கப்பட்டால், ஏற்கெனவே அந்தத் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்திக்கொண்டிருப்பவர் அந்த நிமிஷத்திலிருந்து பிணைப்பணம் கட்ட வேண்டும், பேச்சு நடக்கிறது என்று சொல்லி இலவசமாக விற்றுக்கொண்டே இருக்க முடியாது.